ஐந்து மணிச் சொட்டு

கண்ணாடி தன்னை வேவு பார்க்கிறது என்று பெருமாள்சாமிக்கு முதல் நாளே பட்டுவிட்டது. பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். பார்த்ததை யாரிடமோ போய்ச் சொல்கிறதே, அந்த யாரோ யார் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பெருமாள்சாமி சாத்தூரில் அரசுப் பேருந்து ஓட்டுநர். இருபத்தாறு வருட சர்வீஸ். டீசல் வண்டியில் தொடங்கி இப்போது சத்தமே இல்லாத பேட்டரி வண்டி வரைக்கும் ஓட்டிவிட்டார். ஒரு மாட்டின் மேல்கூட இடித்ததில்லை. அப்பேர்ப்பட்டவருக்குத்தான் போன தையில் வலது கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வையின் ஓரம் கரையத் தொடங்கியது. நெடுஞ்சாலையில் இருக்கும் தெளிவிழி மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்டார். கண் தேறினால் மறுபடி ஸ்டியரிங். தேறாவிட்டால் டிப்போவில் வண்டி கழுவும் இடத்தில் டோக்கன் கொடுக்கும் வேலை. நடுவில் வேறு எதுவும் கிடையாது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் பர்வீன் இரண்டு பேரை எதிரில் உட்கார வைத்துப் பேசினார். ஒருவர் பெருமாள்சாமி. இன்னொருவர் ஜெபக்கனி டீச்சர். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். டீச்சருக்கு இதே நோயில் இடது கண் ஐந்து வருடத்துக்கு முன்பே போய்விட்டது.

"கண்ணுக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். அது வடியுற வழி உங்க ரெண்டு பேருக்கும் அடைச்சுப்போச்சு. அதுக்கு வெள்ளை முழியில ஒரு சின்னக் கதவு வெட்டி விட்டிருக்கேன்" என்றார் டாக்டர்.

"அப்ப கதவத் தொறந்துவிட்டா வேலை முடிஞ்சதுல்ல?" என்றார் பெருமாள்சாமி.

"நீங்க டிரைவர்தானே? டயர்ல காத்து முழுசா எறங்கினா என்ன ஆகும்? கண்ணும் அப்படித்தான் சப்பையாயிடும். அதனால கதவை நாலு தையல் போட்டு இறுக்கி வெச்சிருக்கேன். அழுத்தம் இருபதைத் தாண்டினா ஒரு தையலை லேசர்ல அறுக்கணும். மறுபடி தாண்டினா இன்னொண்ணு. அவசரப்பட்டு அறுத்தா கண்ணு சப்பை. தாமதமானா புண்ணு ஆறி, கதவு நிலையோட ஒட்டிக்கிடும். அப்புறம் எதை அறுத்தும் பிரயோஜனம் இல்ல. எல்லாம் மூணு வாரத்துக்குள்ள நடக்கணும்."

"பத்துக்கும் இருபதுக்கும் நடுவுல இருந்தா நல்லது, அப்படித்தானே டாக்டர்?" என்று கேட்டு, டீச்சர் கைப்பையிலிருந்த சிறிய நோட்டில் எழுதிக்கொண்டார். "எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். அதான் தெளிவாக் கேட்டுக்கிடுறேன்."

முன்பெல்லாம் இதற்கு வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். பஸ்ஸில் இடிபட்டு வர முடியாமல் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். அதற்குத்தான் இந்தத் தையல்கண்ணாடி. காலை ஆறு மணிக்கு அதுவே அழுத்தம் பார்க்கும், எண்ணைக் காட்டும், தேவைப்பட்டால் கறுப்பு நூலில் மட்டும் சூடு படும்படி ஒரு பச்சை ஒளியை விட்டு, அதுவே அறுத்தும் விடும். இருபத்தொன்றாம் நாள் வந்து காட்டினால் போதும்.

"ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி விட்ட சொட்டு மருந்தை இந்தக் கண்ணுல விடவே கூடாது. வீட்ல மிச்சம் இருந்தா தூக்கிப் போட்டுருங்க."

பெருமாள்சாமி தொண்டையைச் செருமினார். "டாக்டரம்மா, இந்த நம்பரெல்லாம் டிப்போவுக்குப் போகுமா?"

"போகாது."

அந்தப் பதில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது. கேட்டு முடிக்கும் முன்பே 'சில்லறை இல்லை' என்கிற கண்டக்டரின் வேகம். போகாது என்றால் எதற்குக் கையெழுத்து வாங்கினார்கள்? மூன்றாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில், 'இந்த அளவீடுகள் அமைப்பின் கற்றலுக்குப் பயன்படும்' என்று ஏன் போட்டிருந்தார்கள்? யார் கற்கிறார்கள்? எதைக் கற்கிறார்கள்? பெருமாள்சாமி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே மென்றுகொண்டு வந்தார்.

டிப்போவில் வருடாந்தர மெடிக்கல் என்றால் இரண்டு நாளைக்கு முன்பே கேன்டீனில் வடை தேங்கிவிடும். சர்க்கரைக்காரர்கள் பாகற்காய்ச் சாற்றைக் குடித்துவிட்டு ரயில்வே கேட் வரைக்கும் நடப்பார்கள். பிரஷர்காரர்கள் ஒரு மாத்திரைக்கு இரண்டாகப் போட்டுக்கொள்வார்கள். கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரியை, அதை எழுதிய பெயிண்டரிடமே கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்த டிரைவர்களும் உண்டு. இதை அங்கே யாரும் பொய் என்று நினைப்பதில்லை. பரீட்சைக்குப் படித்துவிட்டுப் போவது போலத்தான். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கை, பழைய சொட்டு மருந்துப் புட்டியைக் குப்பையில் போடவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தது.

காலை ஐந்து மணிக்கு ஒரு சொட்டு. அழுத்தத்தை இறக்கும் அதன் வேகம் ஆறு மணி நேரம் தாங்கும். புருவத்துக்கு மேலே விண்ணென்று ஒரு வலி. வெளிச்சம் மங்கி, விடியும்போதே சாயங்காலம் வந்தது போல இருக்கும். ஆறு மணிக்குக் கண்ணாடி, "அசையாதீர்கள்" என்று சொல்லி அளக்கும். "பன்னிரண்டு. நன்று."

மனைவி தனபாக்கியம் மூன்றாம் நாளே பார்த்துவிட்டாள்.

"ஏங்க, அத விடக்கூடாதுன்னு தானே அந்தம்மா சொல்லி அனுப்பிச்சு?"

"மெதுவாப் பேசு. கண்ணாடி கேட்டுக்கிட்டு இருக்கு."

"அது கண்ணாடிங்க. காதாடியா?"

"உனக்கு வெவரம் பத்தாது. இருபத்தஞ்சு, முப்பதுன்னு நம்பர் போச்சுன்னா மறுநாளே டிப்போவுல என் பேரு அடிபடும். டோக்கன் குடுக்கச் சொல்லுவான்."

"நம்பரு நல்லா இருந்தா தையல அறுக்காதுன்னீங்களே. அறுக்கலன்னா கதவு ஒட்டிக்கிடும்னும் சொன்னீங்களே. அப்ப எப்படித்தான் கண்ணு நல்லாகும்?"

பெருமாள்சாமிக்கு எரிச்சல்தான் வந்தது. "போயி காப்பியப் போடு" என்றார்.

டீச்சர் தினமும் ஏழு மணிக்குப் போன் செய்வார். ஒரே நாளில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குள் வரும் ஒட்டுதல்.

"பதினெட்டுண்ணே. உங்களுக்கு?"

"பன்னண்டு டீச்சர்."

"அடேயப்பா! இன்னைக்கும் பன்னண்டா? எங்க கிளாஸ்ல ஒருத்தி இருக்கா, எந்தப் பரீட்சை வெச்சாலும் எழுவத்திரெண்டு வாங்குவா. பக்கத்துல உக்காந்திருக்கவ மார்க்கும் எழுவத்திரெண்டுதான்."

பெருமாள்சாமிக்குச் சுருக்கென்றது. சிரித்து வைத்தார்.

ஆறாம் நாள் டீச்சருக்கு எண் இருபத்து நான்கு. கண்ணாடி ஒரு தையலை அறுத்தது. "வலியே இல்லண்ணே. பச்சையா ஒரு மின்னல், அவ்வளவுதான். மறுநாள் பதினாலுக்கு எறங்கிருச்சு. என்ன கணக்கு பாருங்க!"

பெருமாள்சாமிக்கு ஒன்றும் அறுக்கவில்லை. ஒன்பதாம் நாள் மாலையில் விளக்கைப் போட்டபோது பல்பைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம் தெரிந்தது. நோய் ஆரம்பித்தபோது தெரிந்த அதே வளையம். கண் கல்லாய்க் கனத்தது. அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் மனசு போன திசை வேறு. கண்ணாடி வேண்டுமென்றே அறுக்காமல் இருக்கிறதோ? டிரைவர் இல்லாமல் ஓடும் வண்டி வரப்போகிறது என்று பேச்சிருக்கிறது. இருக்கிற டிரைவர்களைக் கழிக்க இதுவும் ஒரு வழியோ? மேசை மேல் வைத்த கண்ணாடியின் காம்பில் ஒரு நீலப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

மறுநாளும் ஐந்து மணிக்குச் சொட்டு விட்டார். பன்னிரண்டு. நன்று.

பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை, எண் அதே பன்னிரண்டுதான். ஆனால் 'நன்று' வரவில்லை. "அசையாதீர்கள். மேலே தெரியும் புள்ளியைப் பாருங்கள்" என்றது கண்ணாடி. பச்சை மின்னல் ஒன்று வெட்டியது. "ஒரு தையல் நீக்கப்பட்டது."

பெருமாள்சாமி கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். பன்னிரண்டுக்கு எதற்கு அறுக்க வேண்டும்? யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடுப்படிக்குப் போய் நின்றார்.

"நீ போன் பண்ணுனியா?"

"யாருக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு. சொட்டு மருந்தப் பத்தி."

தனபாக்கியம் கரண்டியைக் கீழே வைத்தாள். "பண்ணணும்னு நாலு நாளா நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க வாய்க்குப் பயந்து பண்ணல. இப்ப நீங்களே பண்ணுன மாதிரி நெனச்சுட்டீங்கள்ல, பண்ணியிருந்தாலாவது புண்ணியமாப் போயிருக்கும்."

அவள் சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அது அவரை இன்னும் பயமுறுத்தியது. வீட்டில் யாரும் சொல்லவில்லை என்றால் கண்ணாடிக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்துகொண்டு ஏன் ஒன்றும் கேட்கவில்லை? திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆனால் அன்று மாலை பல்பைச் சுற்றி வளையம் இல்லை. கண் லேசாகிவிட்டது. மறுநாள் காலையில் எண் ஏழு. கண்ணாடி அதையும் நன்று என்றது. எதிர்ச்சுவர்க் காலண்டரில் ராகுகாலம் வரைக்கும் படிக்க முடிந்தது. எண்ணும் ஏறவில்லை, கண்ணும் தேறிவிட்டது. இரண்டு பக்கமும் ஜெயித்துவிட்டதாக அவருக்கு ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

பதினாறாம் நாள் டீச்சரின் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணே, நாலு நாளா பத்துலயே நின்னுச்சு. நேத்து எனக்குப் பதினாலு. நல்ல நம்பர்தானே? ஆனா ரெண்டாவது தையலை அறுத்துருச்சு. இன்னைக்கு நாலு காட்டுது."

"நாலா?"

"நாலு. காட்டிட்டு, 'நன்று'ங்குது. நாலு எப்படிண்ணே நல்லதாகும்? பத்துக்குக் கீழ போகக் கூடாதுன்னு நான் எழுதியே வெச்சிருக்கேன். தண்ணிக்குள்ள முழிச்சுப் பார்க்கிற மாதிரி எல்லாம் நெளியுது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினா, ஒரு பொண்ணு, 'ஸ்கிரீன்ல பச்சையா இருக்கு மேடம், இருபத்தொண்ணாம் நாள் வாங்க'ங்குது."

பெருமாள்சாமி போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"உங்களுக்கும் பன்னண்டுல அறுத்துச்சுன்னீங்க. நல்ல நம்பரைப் பார்த்தா அதுக்கு என்னமோ ஆகுது. உங்க வீட்ல வித்தியாசமா ஏதாவது செஞ்சீங்களாண்ணே? எதுன்னாலும் சொல்லுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன். கணக்குல எங்கயோ உதைக்குது."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அந்தப் போனிலும் யாராவது ஒட்டுக்கேட்டால்? இன்னும் ஐந்து நாளில் சர்டிபிகேட். "ஒண்ணும் இல்லையே டீச்சர். சூடா இருக்கும். எளநி குடிங்க, சரியாயிரும்" என்றார்.

இருபத்தொன்றாம் நாள் டாக்டர் பர்வீன் அவரது கண்ணைப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்கு" என்றார். வண்டி ஓட்டத் தகுதி என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். மடித்துச் சட்டைப் பையில் வைக்கும்போது அங்கே சொட்டு மருந்துப் புட்டி விரலில் தட்டுப்பட்டது. அன்று காலையிலும் விட்டிருந்தார்.

"டீச்சர் வந்துட்டாங்களா?"

டாக்டர் பேனாவை மூடினார். "மூணு நாள் முன்னாடியே வந்துட்டாங்க. யாரும் வரச் சொல்லல. பஸ் படி தெரியாம தடுமாறி, கண்டக்டர் கையப் பிடிச்சுக் கொண்டாந்து விட்டாரு. கண்ணு சப்பையாயிருச்சு. நேத்து மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கதவை இறுக்கித் தச்சிருக்கேன். பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

"கண்ணாடி கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போயிருந்தா மாத்திருக்கலாம். அது கத்துக்கிச்சு." டாக்டர் அவரையே பார்த்துச் சொன்னார். "நம்ம பக்கத்துல நானூத்திச் சொச்சம் பேருக்குக் குடுத்திருக்கோம். வீட்ல பன்னண்டு, பதினொண்ணுன்னு காட்டினவங்க, இருபத்தொண்ணாம் நாள் இங்க வந்தா கதவு ஒட்டி, அழுத்தம் இருபத்திரெண்டு, இருபத்தொண்ணுல நிக்கிது. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, பாதிக்கு மேல. எல்லாரும் காலைல பழைய சொட்டை விட்டுட்டுக் கண்ணாடி முன்னாடி உக்காந்திருக்காங்க. அதுக்கு அதெல்லாம் தெரியாது. இந்த ஊர்க்காரங்க காட்டுற நம்பர் பத்துக் கம்மியா இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுக்கிச்சு. போன திங்கட்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமையில இருந்து, எல்லார் நம்பரோடயும் அதுவாவே பத்தைக் கூட்டிக்குது. யாரும் சொல்லிக் குடுக்கல."

பெருமாள்சாமி மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். பன்னிரண்டும் பத்தும் இருபத்திரண்டு. அறு. பதினான்கும் பத்தும் இருபத்து நான்கு. அறு. நான்கும் பத்தும் பதினான்கு. நன்று.

"டீச்சர் சொட்டு விடலையே டாக்டரம்மா."

"விடல. ஆனா பொய்யான பதினாலும் நெஜமான பதினாலும் அதுக்கு ஒண்ணுதானே?"

பெருமாள்சாமியின் கை சட்டைப் பைக்குப் போய்ப் புட்டியைத் தொட்டது. பிறகு அவர், "நான் விட்டேன். தினமும் அஞ்சு மணிக்கு. நம்பர் டிப்போவுக்குப் போயிரும்னு நெனச்சேன்" என்றார்.

"உங்க டிப்போவுல இருந்து இதுவரைக்கும் யாரும் ஒரு நம்பர்கூடக் கேட்டதில்ல சார்."

பெருமாள்சாமி மேசையிலிருந்த ஒரு வெள்ளைத் தாளை இழுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் படித்த முறைப்படி அனுப்புநர், பெறுநர் போட்டு, பொருள்: சொட்டு மருந்து விட்டதை ஒப்புக்கொள்ளுதல் தொடர்பாக, என்று எழுதினார். தேதி வாரியாக எழுதினார். கையெழுத்திட்டு, சட்டைப் பையிலிருந்த சான்றிதழையும் எடுத்து மேலே வைத்தார்.

"இந்தச் சர்டிபிகேட்ட எடுத்துக்கோங்க. என் நம்பரு பொய்யின்னு அதுக்குள்ள போடுங்க. டீச்சருக்குப் பத்தைக் கூட்டாம இருக்கட்டும்."

டாக்டர் முழுக்கப் படித்தார். சான்றிதழை அவரிடமே திருப்பித் தள்ளினார். "இது உங்க கண்ணை நானே பார்த்துக் குடுத்தது, நம்பரைப் பார்த்து இல்ல. லெட்டர் என்கிட்ட இருக்கட்டும். நான் நம்புறேன். அது நம்பணுமே. இதைப் போட அதுல ஒரு கட்டம் கெடையாது சார். கம்பெனிக்கு எழுதியிருக்கேன், மூணு மாசம் ஆகும்னு பதில் வந்திருக்கு. கையால அறுக்கிற பழைய லேசரை இங்கயிருந்து எடுத்துட்டாங்க. சென்னையில ஒண்ணு இருக்கு. வரிசை நாலு மாசம்."

"அப்ப டீச்சருக்கு?"

"வேற வழியில்ல. நாளைக்கு அதே கண்ணாடியை மாட்டித்தான் அனுப்பணும்."

வார்டில் ஜெபக்கனி டீச்சர் சுவரோரக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் கட்டு. இன்னொரு கண் திறந்துதான் இருந்தது. அதனால் பிரயோஜனம் இல்லை. மடியில் அந்தச் சிறிய நோட்டு. காலடிச் சத்தம் கேட்டதும், "அண்ணனா?" என்றார்.

"நான்தான் டீச்சர்." அவர் கட்டிலை ஒட்டி வந்து நின்றார். கூட வந்த டாக்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர் எல்லாம் சொன்னாங்க. பத்தைக் கூட்டுதாம்ல? அன்னைக்கே எனக்கு அதுதான் உதைச்சுச்சு. ஒரே அளவா எங்கயோ கூடுதுன்னு."

"அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான்..."

"எழுவத்திரெண்டு மார்க் புள்ளைய எனக்குத் தெரியாதாண்ணே?" குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். "விடுங்க. இப்ப நான் வேற ஒண்ணு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நாளையில இருந்து அது எனக்கும் பத்தைக் கூட்டும். என் கண்ணுல பதினஞ்சு இருந்தா, அது அஞ்சுன்னு பார்த்தாத்தான் பதினஞ்சுன்னு புரிஞ்சுக்கிடும். சரியாண்ணே?"

"சரிதான் டீச்சர்."

"அப்ப பத்தைக் குறைச்சுக் காட்டணும்."

டாக்டர் பர்வீன் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "ஒரு பைலை மறந்துட்டேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வெளியே போனார். போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

டீச்சர் நோட்டை மூடி வைத்துவிட்டு, குரல் வந்த திசையைப் பார்த்துக் கையை நீட்டினார். இருபத்திரண்டு வருடமாகக் காப்பி அடிக்கும் பிள்ளைகளிடமிருந்து துண்டுச்சீட்டை வாங்க நீண்ட கை.

"அந்தச் சொட்டு உங்ககிட்ட மிச்சம் இருக்காண்ணே?"

பெருமாள்சாமி சட்டைப் பையிலிருந்து புட்டியை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மூடிக்கொண்டன.

"எத்தனை மணிக்கு விடணும்?"

"அஞ்சு மணிக்கு டீச்சர்" என்றார் அவர்.